பனிக்காட்டில் ஓர் ஆற்றுப்படை



ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையை உயர்தர வகுப்பிலே கற்பிக்கும்போது ஆண்டுதோறும் ஒரே விளக்கத்தையே நான் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். ஆறு என்றால் வழி. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனை அவனிடம் வழிகூறி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. திருமுருகாற்றுப்படை அடியவரை முருகப்பெருமானிடம் ஆற்றுப்படுத்துகிறது. ஏனைய நான்கும் கலைஞரைப் புரவலரிடம் ஆற்றுப்படுத்துகின்றன. மாணவர் இதனை மனனஞ்செய்து பரீட்சையில் எழுதுவர். நானும் சரி அடையாளமிட்டுப் புள்ளி வழங்குவேன்.

இந்தச் சொல்லுக்குள்ளே எத்துணை அன்பு இருக்கிறது என்பதை நான் உணர்ந்தது வகுப்பறையில் அல்ல. ஒரு மார்கழி விடுமுறையிலே, கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஓரத்திலே, வெண்பனி மூடிய ஒரு காட்டிலேதான் உணர்ந்தேன். அந்த அநுபவத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் எங்கள் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். அங்கே மாடிக் குடியிருப்பு ஒன்றின் பதினோராம் தளத்தில் என் அக்கா குடும்பத்தினர் இருக்கின்றனர். அப்பா காலமான பின்னர் அம்மாவும் அவர்களோடுதான். அம்மாவுக்கு அப்போது வயது 72. நான் போவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், கார் நிறுத்துமிடத்தில் உறைந்து கிடந்த பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு பொருந்திவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. கார்த்திகையில் முதற்பனி விழுந்தால் சித்திரை வரையும் அவர் வெளியே கால் வைப்பதில்லை. நீரிழிவு இருப்பதால் நடக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அம்மா நடந்தது லிப்ட் வாசலிலிருந்து தளத்தின் மறுகோடிச் சுவர் வரையுந்தான்.

நான் போய் மூன்றாம் நாள் இரவு, மற்றவர்கள் உறங்கிய பின்னர் அம்மா என்னிடம் மெல்லக் கேட்டார்: "தம்பி, நீ போகேக்கை என்னையும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ. இஞ்சை எல்லாம் இருக்குது. ஆனால் இது சிறையடா."

நான் பதில் சொல்லவில்லை. ஊரிலே அவரைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்? நானும் மனைவியும் விடிய ஏழு மணிக்குப் பாடசாலைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். கூட்டிவரவும் இயலாது, விட்டுவிட்டு வரவும் மனமில்லை என்ற நிலையில் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வழி சொன்னவள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மருமகள். "மாமா, சனிக்கிழமை ரூஜ் பார்க்கிலை புதுசா நடக்கிற ஆக்களுக்கு ஒரு நடை இருக்குது. வழிகாட்டி வருவா. அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போவம்" என்றாள். அக்காவுக்கு விருப்பமில்லை. "இன்னொருக்கால் விழுந்தால் ஆர் பாக்கிறது?" என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒன்றரை நாள் விவாதித்த பின்னரே சம்மதம் கிடைத்தது.

அவள் சொன்ன இடம் ரூஜ் தேசிய நகரப் பூங்கா. கனடாவின் முதலாவது தேசிய நகரப் பூங்காவாக 2015ஆம் ஆண்டிலே சட்டபூர்வமாக அமைக்கப்பட்டது. ரொறன்ரோ, மார்க்கம், பிக்கரிங், அக்ஸ்பிரிட்ஜ் என்னும் நான்கு ஊர்களுக்குள்ளும் பரந்து, ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்பில் காடும் வயலும் சதுப்புநிலமுமாக அது கிடக்கிறது. தெற்கே ஒன்ராறியோ ஏரி. நுழைவுக் கட்டணம் இல்லை. அருகிலுள்ள மிருகக்காட்சிச்சாலை வரையும் நகர பஸ் வண்டி செல்கிறது. அதன் அயலிலேயே நடைவழிகள் தொடங்குகின்றன. அவற்றுள் மாஸ்ற் என்னும் நடைவழி 200 ஆண்டுப் பழமையுடையது. கப்பற் பாய்மரங்களுக்காக வெட்டிய மரங்களைக் கொண்டுசென்ற பாதை அது என்பர். அதற்கும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஆதிக்குடிகள் நடந்த நிலம் அது. பூங்காவைப் பராமரிக்கும் பார்க்ஸ் கனடா நிறுவனத்தினர் வழிகாட்டியோடு கூடிய இலவச நடைகளை அங்கே நடத்துகின்றனர். நாங்கள் சென்றது விஸ்ரா என்னும் 1.5 கிலோமீற்றர் நடைவழிக்கு. இடையிலே ஒரு பார்வை மேடை உண்டு.

புறப்படுமுன் உடுப்பதே ஒரு பாடமாயிற்று. குளிர் என்றதும் தடித்த அங்கியொன்றைப் போட்டுக்கொண்டால் போதும் என்று நான் எண்ணியிருந்தேன். தவறு. மூன்று அடுக்காக உடுக்கவேண்டும். உடலோடு ஒட்டிய அடுக்கு வியர்வையை வெளியேற்றவேண்டும். நடு அடுக்கு சூட்டைப் பிடித்துவைக்கவேண்டும். வெளி அடுக்கு காற்றைத் தடுக்கவேண்டும். உள்ளே பருத்தித் துணி கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாக இருந்துகொண்டு, நின்றவுடன் உடலைக் குளிரச்செய்துவிடும். எங்கள் வெயிலுக்கு உகந்த துணி அந்தப் பனிக்குப் பகையாகிறது. மருமகள் அம்மம்மாவின் சப்பாத்துக்கு அடியிலே மாட்டுவதற்கு இரும்பு முட்கள் பதித்த இறப்பர்ப் பட்டி ஒரு சோடி வாங்கி வந்திருந்தாள். எனக்கும் வாங்கட்டுமா என்று கேட்டாள். எனக்கேன் என்று மறுத்துவிட்டேன்.

அன்று வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 9 பாகை. நுவரெலியாவின் தைமாதக் குளிரே குளிரென்று எண்ணியிருந்தவன் நான். கூடிநின்றோர் பதினான்கு பேர். வழிகாட்டி இளவயதுப் பெண். "வெண்பனியிலே முதன்முறை நடப்பவர்கள் யார்?" என்று கேட்டார். ஐந்து கைகள் உயர்ந்தன. அம்மாவும் கையை உயர்த்தினார். அங்கே வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அதுதான் உண்மை.

"பயப்படாதீர்கள், ஆபத்தொன்றும் இல்லை" என்று அந்தப் பெண் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. எங்கெங்கே ஆபத்து இருக்கிறதென்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நிழல் விழும் இறக்கத்திலே பனியின் கீழ் கட்டி உறைந்திருக்கும். அங்கே சிறு அடியாக, பாதம் முழுவதும் படும்படி, பென்குவின் பறவைபோல நடவுங்கள். கைகளைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுங்கள். உறைந்ததுபோலத் தோன்றும் ஓடைமேல் கால் வைக்காதீர்கள். வழி தவறினால் அலையாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று ஊதுகுழலை ஊதுங்கள், நாங்கள் வருவோம். பின்னர் தம்மோடு வந்த இன்னொருவரைக் காட்டி, "இவர் எப்போதும் கடைசியாக வருவார். எவர் ஆகப் பிந்தி நடக்கிறாரோ அவரது வேகமே எங்கள் எல்லோருடைய வேகமும்" என்றார். மருமகள் ஒவ்வொன்றையும் அம்மாவுக்குத் தமிழிலே சொன்னாள்.

நேயர்களே, அந்தக் குளிரில் நின்றபடி எனக்கு மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. கூத்தராற்றுப்படை என்றும் வழங்கும் அந்தப் பாட்டு 583 அடிகளை உடையது. நன்னன் என்னும் மன்னனைப் பற்றிப் பெருங்கௌசிகனார் பாடியது. வழி இலகுவானது என்று அந்தப் புலவர் எங்கேயும் பொய் சொல்லவில்லை. பாம்பு இருக்கும் இடம், தினைப்புனங் காப்போரின் கவண்கல் வந்து விழும் இடம், காட்டாற்றின் கரை வழுக்கும் இடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சொல்லிவிட்டுப் பயமுறுத்தி விடுவதுமில்லை. வழுக்குமிடத்திலே கொடிகளைப் பற்றிக்கொள்ளுங்கள், ஒருவரையொருவர் பார்த்துக் காத்துச் செல்லுங்கள் என்கிறார். குறவரே மயங்கும் மலையிலே திகைத்துவிட்டால், அகன்ற பாறைமீது ஒன்றுகூடி நின்று உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், கேட்டு மலைவாழ்நர் உதவிக்கு வருவர் என்கிறார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய எங்கள் புலவர் வாத்தியம் என்றதை அந்தப் பெண் ஊதுகுழல் என்றார். அவ்வளவுதான் வேறுபாடு.

புதியவனைத் தடுப்பது ஆபத்தன்று; விளக்கப்படாத ஆபத்து. அம்மாவை மூன்று ஆண்டுகள் அடைத்துவைத்தது பனியன்று. எங்கே வழுக்கும், எப்படி அடி வைக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காததே. "வெளியிலை போகாதேங்கோ" என்றுதான் நாங்கள் எல்லோரும் அன்போடு சொன்னோம். அந்த அன்பே பூட்டாகிவிட்டது.

நடக்கத் தொடங்கினோம். முதல் நூறு அடிக்கு அம்மா என் கையை நோகும்படி பிடித்திருந்தார். பின்னர் பிடி தளர்ந்தது. இலையுதிர்த்த மரங்களுக்கிடையிலே ஒருவகை மரம் மட்டும் வெளிறிய காய்ந்த இலைகளை உதிர்க்காமல் வைத்திருந்தது. பீச் மரம் என்றார் வழிகாட்டி. இளம் பீச் மரங்கள் வசந்தம் வரையும் பழைய இலைகளைப் பிடித்துக்கொண்டிருக்குமாம். பனிமீது முயலின் தடமும் மானின் குளம்படியும் எழுதிவைத்ததுபோலக் கிடந்தன. கறுப்புத் தொப்பி அணிந்தாற்போன்ற சிக்கடீ என்னும் சின்னஞ்சிறு குருவி கிளைவிட்டுக் கிளை தாவியது. உள்ளங்கையளவுகூட இல்லாத அந்தக் குருவி தெற்கே பறந்து போவதில்லை. இரவிலே தன் உடற்சூட்டைத் தாழ்த்திச் சக்தியை மிச்சம்பிடித்து அந்தக் குளிரைக் கடக்கிறது. அம்மா அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்காக எல்லோரும் நின்றனர்.

பார்வை மேடைக்குச் சற்று முன்னே ஓர் இறக்கம். அங்கே விழுந்தது அம்மா அல்ல, நான். முட்பட்டி வேண்டாமென்ற சப்பாத்து, சட்டைப்பைக்குள் கை. ஆசிரியர் பாடத்தைக் கவனிக்கவில்லை. கடைசியாக வந்தவர் ஓடிவந்து, எழும்பப் பதறவேண்டாம், முதலில் முழந்தாளில் நில்லுங்கள், பின் ஒரு காலை ஊன்றுங்கள் என்று எழும்பும் முறையையும் சொல்லித்தந்தார். திரும்பிப் பார்த்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். விழுவது எல்லாம் முறிவதன்று என்பதை அவர் அன்றுதான் கண்ணால் கண்டார்.

மேடையிலிருந்து பார்த்தால் கீழே வெள்ளைப் பள்ளத்தாக்கு. அம்மாவுக்கு அதுவே போதும். கடைசியாக வந்தவர் அவரோடு திரும்பினார், நானும் திரும்பினேன். ஏனையோர் தொடர்ந்து போனார்கள். பாதிவழியில் திரும்புவதைக் குறையாக யாரும் எண்ணவில்லை.

எல்லா நாளும் நடக்கும் நாளல்ல. காற்றோடு சேர்ந்த குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 28 ஐத் தொட்டால், மூடாத தோல் அரை மணிக்குள் உறையக்கூடும். இதய நோயுள்ளோர் வைத்தியரிடம் கேட்டே போகவேண்டும். இதனையும் அந்தப் பெண்ணே சொன்னார்.

அம்மா அதன்பின் ஊருக்குக் கூட்டிப்போ என்று கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். விமான நிலையத்திலும் கேட்டார். என்னிடம் இன்னும் அதற்கு விடையில்லை. ஆனால் புறப்படும் நாளுக்கு முதல்நாள் மாலை நான் கண்டதைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்பதாம் தளத்தில் எங்கள் ஊர் அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவரும் பனிக்காலத்தில் வெளியே வராதவர். அவரோடு அம்மா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்:

"உள்ளுக்குப் பருத்திச்சட்டை போடாதேங்கோ. இறக்கத்திலை சின்ன அடியா வையுங்கோ. நிழல் விழுற இடம் வழுக்கும், நான் காட்டுறன். என்ரை மோன் அதிலைதான் விழுந்தவன். விழுந்தாலும் எழும்பலாம். சனிக்கிழமை வாங்கோ, நான் உங்களுக்குப் பின்னாலை வாறன்."

பெற்றவர், பெறாதவருக்கு வழி சொல்கிறார். இப்போது ஆற்றுப்படையைக் கற்பிக்கும்போது கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னர், இந்தத் தொலைபேசி உரையாடலைத்தான் மாணவருக்குச் சொல்கிறேன்.