நேற்று எப்படி இருந்தார்?

இன்று பட்டம் பெறும் செவிலியர்களே, துணை மருத்துவப் பட்டதாரிகளே,

உங்களில் பலர் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். அப்பாவுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட், அம்மாவுக்கு இன்னொரு கம்பெனியில் பேக்கிங், வீட்டில் பாட்டி தனியாக. இந்த வீட்டை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் கணிப்புப்படி 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைத் தொட்டவர்கள். 2031-இல் அது 18.2 ஆகும். முதியோர் மருத்துவத்தில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதற்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது 1978-இல். 2024 பிப்ரவரியில் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை வந்துவிட்டது. கட்டடம் இருக்கிறது, மருத்துவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர்தான் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கிறார். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

முதியவர் ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். உளறுகிறார், மிரள்கிறார். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "நேற்று எப்படி இருந்தார்?" மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல வரும். ஒரே நாளில் வரும் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, புதிதாகச் சேர்த்த மாத்திரையோ இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஸ்கேன் மட்டும் போதாது; அவருடைய வழக்கம் தெரிந்த ஆள் வேண்டும். முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்த பெண், "எனக்குத் தெரியலை டாக்டர், நான் புதுசு" என்பாள். அவள் மீது தப்பில்லை. ஆனால் சிகிச்சைக்குரிய நேரம் அங்கே வீணாகிறது.

ஆறு மாதமாகக் கூட இருப்பவள் பார்த்துக்கொண்டால், மருத்துவமனை வரை போக வேண்டிய அவசியமே வராமல் போகலாம். மூன்று இட்லி சாப்பிடும் பாட்டி ஒன்றோடு கையைக் கழுவிக்கொண்டதையும், தலை வாரும்போது வழக்கம்போல் வம்பளக்காததையும் அவள் காலையிலேயே கவனித்துவிடுவாள். புது ஆள் வந்து குளிப்பாட்டப் புடவையில் கை வைத்தால், மறதி நோயுள்ள பாட்டி அடிக்க வருவார். நாம் குறிப்பேட்டில் "முரண்டு பிடிக்கிறார்" என்று எழுதுவோம். அன்றிரவே தூக்க மாத்திரை சேரும். முன்பின் தெரியாத ஒருவர் நம் உடுப்பைக் களைய வந்தால் நாம் என்ன செய்வோமோ, அதைத்தான் பாட்டியும் செய்தார்.

சிப்காட் இயந்திரத்தின் முன் மூன்று ஷிஃப்டுக்கும் மூன்று பேர் நிற்கலாம். செட்டிங் இயந்திரத்திலேயே பதிவாகியிருக்கும். பாட்டியின் செட்டிங் பார்த்துக்கொள்பவளின் தலைக்குள் இருக்கிறது. அவள் வேலையை விட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

ஏன் விடுகிறாள்? கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது. கேண்டீன் சாப்பாடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஷிஃப்ட் முடிந்தால் வீடு. பராமரிப்பு வேலையிலோ, பல இடங்களில், இருபத்துநான்கு மணி நேர டூட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாய், ஏஜென்சி பிடித்தது போக மிஞ்சிய சம்பளம். இதைச் சேவை என்று புகழ்ந்து ஆளை நிறுத்திவைக்க முடியாது. பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களின் 2017, 2018 பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வில், செவிலியப் பணியாளர் மாற்றம் ஆண்டுக்குச் சராசரியாக 128 விழுக்காடு. அதாவது இருக்கும் இடங்களைவிட விலகிப் போனவர்கள் அதிகம்.

நம்மிடமே நல்ல முன்மாதிரி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை மாத்திரையோடு வாசலுக்கு வரும் தன்னார்வலர் அந்தப் பகுதிப் பெண். வீடும் தெரியும், வீட்டாரையும் தெரியும்.

அதற்காக ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டிவிடச் சொல்லவில்லை. அவர் சோர்ந்துபோவார், தவறு நடந்தாலும் வெளியே தெரியாது. ஒரு முதியவருக்கு மூன்று நான்கு பேர் கொண்ட நிலையான சிறு குழு, வார விடுப்பு, ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் நேருக்கு நேர் பேசி ஒப்படைப்பது, உதவியாளர் சொல்வதைச் செவிலியர் காதுகொடுத்துக் கேட்பது. இவ்வளவுதான் தேவை.

நேர்காணலின் முடிவில் "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சம்பளத்தைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கூடவே, "இங்கே ஒரு முதியவரை ஒரு மாதத்தில் எத்தனை பேர் மாறி மாறிப் பார்க்கிறார்கள்?" என்றும் கேளுங்கள். பத்து ஆண்டில் உங்களில் சிலர் டூட்டி பட்டியல் போடும் நாற்காலியில் இருப்பீர்கள். அன்று இதே கேள்வியை உங்களிடம் ஒருவர் கேட்டால், சொல்வதற்கு நல்ல பதிலை வைத்திருங்கள்.