வானின் ஆணையும் மன்னன் கோலும்

புத்தளம் கரையிலே கி. பி. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா வந்திறங்கினார். தில்லிச் சுல்தான் அவரைச் சீனப் பேரரசரிடம் தூதராக அனுப்பியிருந்தார். கள்ளிக்கோட்டையிலே புயலாற் கலங்களை இழந்து, மாலைதீவிலே சிலகாலம் தங்கிப் புறப்பட்டவரைக் காற்று இக்கரைக்குக் கொணர்ந்தது. இங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக்கள் ஈந்து, சிவனொளிபாத மலைக்கு வழித்துணையும் உதவினான்.

அத்தூதர் நாடிச் சென்ற சீனப் பேரரசரை அந்நாட்டார் 'வானின் மைந்தர்' என்றனர். ஆயினும் அவர் தெய்வமல்லர். வானின் ஆணையைத் தாங்கிய மனிதரே. ஆணையைத் தந்த வானம் அதனை மீட்கவும் வல்லது. வெள்ளமும் பஞ்சமும் கலகமும் அம்மீட்சிக்கு அடையாளங்கள். அறந்தவறிய அரசன் அரசனாகான் என்று மென்சியசு என்னும் அறிஞர் துணிந்துரைத்தார். கோல் கோடினால் மழை பொய்க்கும் என்று நம் முன்னோர் கொண்ட கருத்தும் இதற்கு அயலன்று.

இபுனு பதூதாவின் காலத்திலே சீனத்தை ஆண்டவர் மங்கோலியர். 1368இல் அவ்வாட்சி வீழ்ந்தது. வானின் ஆணை எவரிடம் சென்றது? பஞ்சத்திலே பெற்றோரை இழந்து, துறவிமடத்தை அடைந்து, பிச்சையேற்று உயிர்வாழ்ந்த ஓர் உழவன் மகனிடம்! அவனே மிங் மரபின் முதல்வன்.

அவன் மகன் யோங்லே 1402இல் தன் தமையன் மகனை வீழ்த்தி அரியணையேறினான். வானின் ஆணை தன்னிடமே உளது என்று காட்டுதல் அவனுக்கு இன்றியமையாததாயிற்று. 1405 தொடங்கித் தளபதி செங் ஹேயின் தலைமையிற் பெருங்கப்பற்படைகள் தென்கடலுக்கு வந்தமைக்கு இஃதும் ஒரு காரணம் என்பர். 1409ஆம் ஆண்டிட்ட கல்லொன்று காலியிலே 1911இற் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்த கல் அது. சீனப்பகுதி புத்தர்பிரானுக்கும், தமிழ்ப்பகுதி தெனாவரை நாயனாராம் திருமாலுக்கும், பாரசீகப்பகுதி இசுலாமிய நெறிக்கும் காணிக்கைகளைக் கூறுகின்றன. பொன் 1000, வெள்ளி 5000 என்று நிரல் நீள்கிறது. பிறர் தெய்வங்களையும் போற்றிய பெருந்தன்மை இது என்று வியக்கத் தோன்றும்.

ஆனால், அக்கல் தாங்கிய ஆண்டுக்கு இரண்டாண்டு கழிந்த 1411இல் அதே செங் ஹே இலங்கையிற் போர்புரிந்து, அழகக்கோன் குடியில் வந்த வீர அழகேசுவரனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றார். முன்னர் மேற்குக் கரையில் ஆரியச் சக்கரவர்த்தியின் வரி தண்டுவோரை விரட்டிய குடி அது. பேரரசர் அவனை விடுதலை செய்தார். எனினும் அவன் ஆட்சி மீளவில்லை. ஒரு கையிற் காணிக்கை, மறு கையில் வாள். இரண்டும் ஒரே உரிமையின் பெயரால் நீண்டன.

அவனுக்குப் பின் கோட்டையில் அரசுகொண்ட ஆறாம் பராக்கிரமபாகு, இப்புத்தளம் மாவட்டத்துச் சிலாபத்தையடுத்த முன்னேசுவரத்துச் சிவாலயத்துக்கு நிலமளித்தான். கிரந்த எழுத்திலே வடமொழிச் சாசனம் அதனை உரைக்கின்றது. பௌத்த மன்னன் சிவனுக்குச் செய்த கொடை! அன்பும் இருந்திருக்கலாம், இக்கரைக்கும் யானே வேந்தன் என்னும் அறிவிப்பும் அதனுள் அடங்கும். கோயிலிலே பதிந்த பெயரே குடிகள் நெஞ்சிற் பதியும் என்பதை அரசர் நன்கறிந்திருந்தனர்.

1912ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் சீனத்தின் கடைசிப் பேரரசன், ஆறு வயதுச் சிறுவன், முடிதுறந்தான். அவன் பெயரால் வெளிவந்த ஆணை, மக்களின் உள்ளம் சாயும் திசையிலேயே வானின் திருவுளம் புலப்படும் என்னும் கருத்தைக் கொண்டிருந்தது. பல நூற்றாண்டு முடியாட்சி தன் இறுதிநாளில் தானே எழுதிய தீர்ப்பு அது.

சாசனங்கள் அரசர் பொறித்தவை. ஆகவே அவை கொடுத்தவற்றைக் கூறும், கொண்டவற்றைக் கூறா. முன்னேசுவரத்துச் சாசனத்தையோ, கொழும்பு நூதனசாலையில் உள்ள மும்மொழிக் கல்லையோ காணும்போது, இக்கொடையால் அரசன் பெற விரும்பியது யாது என்றும் வினவுவோமாக. அவ்வினாவே குடிகளின் பங்கு.