தலைக்காயம் உற்றோர்க்கு இல்லத்து உணவு



காவிரிப் படுகையில் அறுவடை முடிந்த நாள்களில் ஊர்ச்சாலையின் ஒரு பாதி நெற்களமாகிவிடுகிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டை மிஞ்சினால் கொள்முதல் நிலையத்தில் நெல் ஏற்கப்படாது என்னும் கவலையில் உழவர்கள் தார்ச்சாலையிலேயே நெல்லைப் பரப்பிக் காயவைக்கின்றனர். இருட்டிய பின் அதன் மீது ஏறும் இருசக்கர வண்டி சறுக்குகிறது. தலைக்கவசமோ பெரும்பாலும் வண்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

விபத்து நிகழ்ந்த முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஆகவே அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன்போல் எவரும் தயங்குவதில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் தாயின் வாயிலிருந்து வரும் முதற் கேள்வி, "என்ன ஆகாரம் கொடுக்கலாம்?" என்பதே. இக்கேள்வியை மருத்துவ உலகம் நெடுங்காலம் இரண்டாம் இடத்தில்தான் வைத்திருந்தது. தாய்மார்கள் கேட்டதே சரி என்பது பின்னரே தெளிவாயிற்று.

உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. கடுமையான காயம் பட்டால் உடல் முழுவதும் உலைக்களம் போல் ஆகிவிடுகிறது. நோயாளி அசையாமல் கிடப்பார். உள்ளே ஆற்றல் செலவோ இயல்பை விடப் பல மடங்கு வேகத்தில் அன்று, ஆனால் சிலரிடம் 140 விழுக்காடு வரை உயர்ந்து நிற்கும். வெளியிலிருந்து உணவு வராவிட்டால் உடல் தன் தசையையே கரைத்து எரிக்கும். மூச்சை இழுக்கும் தசையும் சளியைக் காறித் துப்ப உதவும் தசையும் அவ்வாறு கரைபவற்றுள் அடங்கும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து மருத்துவமனைகளின் பதிவுகளைக் கொண்டு 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, 5 நாள்களுக்குள் உணவு தொடங்கப்படாதவர்கள் இறக்கும் வாய்ப்பு இரு மடங்கு என்றும், 7 நாள்களுக்குள் தொடங்கப்படாதவர்களுக்கு அது நான்கு மடங்கு என்றும் கண்டது. 2016இல் வெளிவந்த வழிகாட்டி நெறியும், ஐந்தாம் நாளுக்குள், மிகத் தாமதித்தாலும் ஏழாம் நாளுக்குள், உடலுக்கு வேண்டிய அடிப்படை ஆற்றல் முழுவதும் உணவின் வழிச் சென்று சேரவேண்டும் என்கிறது.

நினைவில்லாதவருக்கு மூக்கின் வழியே இரைப்பைக்குக் குழாய் செலுத்தி உணவளிப்பர். அதைக் கண்டு கலங்கும் உறவினர், சற்றே கண் திறந்ததும் வாயில் ஒரு மிடறு பாலோ நீரோ வார்க்க முற்படுகின்றனர். அன்பின் மிகுதியால் நேரும் பிழைகளுள் இதுவே மிகக் கொடியது. மூளை அடிபட்டவருக்கு விழுங்கும் செயல் ஒழுங்கிழந்திருக்கும். நீர் மூச்சுக்குழலில் இறங்கினாலும் இருமல் எழாது. நுரையீரலில் சளிக்காய்ச்சல் பற்றுவது அப்படித்தான். சோற்றை விடத் தண்ணீரே இங்கு ஆபத்தானது. கோயிலிலிருந்து கொணரும் கந்தோதகத்தையும் நெற்றியில் இட்டு அமைவதே முறை. உதட்டில் விடுதல் ஆகாது. விழுங்கும் திறனைப் பயிற்சி பெற்றவர் சோதித்துச் சொன்ன பிறகு, நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த கஞ்சியின் பதத்தில் சிறு கரண்டியால் தொடங்கலாம்.

நெடுநாள் உண்ணாதிருந்தவருக்கு ஒரே நாளில் முழு உணவு கொடுப்பதும் தீங்கே. இரத்தத்தில் பாஸ்பரசும் பொட்டாசியமும் சட்டென்று சரிந்து இதயம் தடுமாறும். ஆதிநாதர் நீண்ட உபவாசத்திற்குப் பின் சிரேயாம்சன் அளித்த கரும்புச் சாற்றால் பாரணை செய்ததை ஆண்டுதோறும் அட்சய திருதியையில் நினைவுகூரும் குடும்பங்களுக்கு, பாரணை மெல்லத் தொடங்கவேண்டும் என்பதை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

சமண இல்லங்களுக்கே உரிய இடர்ப்பாடுகள் சில உண்டு. முதலாவது முட்டை. "நாளொன்றுக்கு நான்கு முட்டை வெள்ளைக்கரு" என்று உணவியலாளர் எழுதிக் கொடுத்தவுடன் குடும்பத்தினர் வாய் பேசாமல் அச்சீட்டை மடித்து வைத்துக்கொள்கின்றனர். ஈடாக வேறொன்றைக் கேட்பதில்லை. நோயாளிக்குக் கஞ்சித் தெளிவே தொடர்கிறது. கேட்டாலன்றோ கிடைக்கும்! உடலுக்கு வேண்டியது புரதம். முட்டை அதன் ஒரு வடிவமே.

தலைக்காயம் உற்றவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 90 கிராம். 100 கிராம் அரிசியில் 7 கிராம் அளவே புரதம். அதிலும் லைசின் என்னும் கூறு குறைவு. அக்குறையை நிரப்புவது பருப்பு. தஞ்சை உழவர் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்னரே, நிற்கும் கதிரினூடே உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைத்துவிடுவர். நெல் போன தரிசில் பனியின் ஈரத்திலேயே பயறு விளையும். அரிசியில் குறைவதை அதே வயல் அடுத்த மூன்று மாதத்தில் தந்துவிடுகிறது. 100 கிராம் பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம். ஒரு லிட்டர் பாலில் 32. 100 கிராம் பனீரில் 18. 50 கிராம் நிலக்கடலையில் 12. இவற்றோடு 100 கிராம் அரிசியைக் கூட்டினால் 90ஐத் தாண்டிவிடுகிறது. முட்டையின் தேவை எழவில்லை. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு மட்டும் இக்கணக்கை மருத்துவரே மாற்றி அமைப்பார்.

ஒரு தம்ளர் நீர்க்கஞ்சியில் பெரும்பகுதி நீரே. நோயாளியின் வயிறு சிறிது கொண்டதும் நிறைந்துவிடும் நிலையில், அந்தச் சிறிதும் நீராகப் போவது வீண். உளுந்தங்கஞ்சியில் பாற்பொடி கலந்து, மேலே நெய் விட்டுக் கொடுத்தால் அதே தம்ளர் இரு மடங்கு உதவும். குழாய் வழி ஊட்டுவதாயின் நன்கு அரைத்து வடிகட்டவேண்டும். நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பயன்படுத்தும் சமண இல்லத்துப் பழக்கம் இங்கு முழுப் பயன் தருகிறது. கடையில் விற்கும் குழாய் உணவுப் பொடிகள் பெரும்பாலும் பால் அல்லது சோயாப் புரதத்தால் ஆனவை. எனினும் மீன் எண்ணெய் சேர்ந்திருக்கிறதா என்று உறையைப் படித்துப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, இரவு உண்ணாமை. காயம் பட்டபின் இரைப்பை மெல்லத்தான் காலியாகும். ஆதலின் சிறுகச் சிறுக, இரவிலும் ஊட்டவேண்டியிருக்கிறது. விரதம் என்பது அறிந்து ஏற்றுக்கொள்வது. நினைவின்றிக் கிடப்பவர் அதை ஏற்கவுமில்லை, முறிக்கவுமில்லை. "அப்பா ஐம்பது ஆண்டாகக் காத்த நியமம்" என்று மகன் செவிலியரிடம் வாதாடி இரவு உணவை நிறுத்தச் செய்தால், 12 மணி நேரம் அத்தந்தையின் தசைதான் எரியும். நினைவு தெளிந்து இல்லம் திரும்பியவர் மீண்டும் நியமத்தை மேற்கொள்ள விரும்பினால் வழியுண்டு: விடியலிலிருந்து பொழுது சாய்வதற்குள் ஆறு வேளையாகப் பிரித்து உண்ணலாம். வலிப்பு மருந்தைத்தான் விடக்கூடாது. 12 மணிக்கு ஒருமுறை என்றுள்ள மாத்திரையைக் காலை 6, மாலை 6 என அமைக்கலாகுமா என்று மருத்துவரைக் கேட்டால் பெரும்பாலும் இசைவார். அட்டமி, சதுர்த்தசி உபவாசங்களை எடை பழைய நிலைக்கு வரும்வரை ஒத்திவைத்தல் நலம்.

கிழங்கும் வெங்காயமும் விலக்குவதால் பெரிய இழப்பில்லை. காரட் தருவதைப் பறங்கிக்காயும் முருங்கைக்கீரையும் தருகின்றன. டெல்டாவின் புழுங்கல் அரிசிக்கும் ஒரு சிறப்புண்டு: நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஊறிவிடுகிறது. மூளை சர்க்கரையை எரிக்க அச்சத்து இன்றியமையாதது. பச்சரிசியைத் தீட்டித் தீட்டி வெளுப்பாக்கி உண்போர் இதைக் கருதுவதில்லை. பி12 மட்டும் தாவரங்களில் இல்லை. பாலும் தயிரும் குறைவாக உண்பவருக்கு அது குறைந்து, மறதியும் தளர்ச்சியும் காயத்தால் வந்தவை போலவே தோன்றும். இரத்தச் சோதனை ஒன்றால் தெரிந்துவிடும், மருந்தும் எளிது. வல்லாரையும் பாதாமும் நினைவை மீட்கும் என்று அறிவுரை கூறுவோருக்குக் குறைவில்லை. உணவாக அவற்றால் கேடில்லை. பருப்புக்கும் பாலுக்கும் ஈடாக அவற்றை நம்புவதே கேடு.

இல்லம் திரும்பியபின், "எதுவும் உப்புச் சப்பில்லை" என்று அவர் தட்டைத் தள்ளினால் சமைத்தவர் மனம் வருந்தலாகாது. அடியின் அதிர்ச்சியில் மணம் அறியும் நரம்பு இழைகள் அறுபட்டிருக்கலாம். மணம் போனால் சுவையில் பெரும்பகுதி போய்விடும். எலுமிச்சையின் புளிப்பு, இஞ்சியை விலக்குவோர்க்கு மிளகின் காரம், வறுத்த அப்பளத்தின் மொறுமொறுப்பு ஆகியவை அப்போதும் உணரப்படும். பால் பொங்கித் தீய்வதும், அடுப்பில் எரிவாயு கசிவதும் அவருக்குத் தெரியாது; அடுக்களையில் அவரைத் தனியே விடலாகாது. சிலருக்கு நேர்மாறாக, உண்டதே மறந்து மீண்டும் மீண்டும் பசிக்கும். எவ்வாறாயினும் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் எடை பார்த்துத் தேதியிட்டு எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது படச்சுருளோடு அந்தத் தாளையும் எடுத்துச் செல்லவேண்டும்.