வெறும் உறை எங்கே போகிறது?

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தஞ்சை அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 இம்மேடையில் பேசும்படி காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டபோது யான் பெரிதும் தயங்கினேன். கல்வியையும் ஒழுக்கத்தையும் குறித்துப் பேசத்தக்க அறிவாளிகள் பலர் நம்மிடையே இருக்க, சீயக்காய்ப் பொடி விற்றுப் பிழைக்கும் எனக்கு என்ன பேசத் தெரியும்? அதைச் சொன்னேன். “உமது தொழிலைப் பற்றியே பேசும், அதுதான் பலருக்குப் பிரயோஜனப்படும்” என்று அவர் விடையளித்தார். ஆகவே, குளிக்கவும் தலை முழுகவும் நாம் உபயோகிக்கும் பொருள்களை, மண்ணுக்கும் நீருக்கும் கேடு வராதபடி, எத்தகைய உறையில் இட்டு விற்பது, அவ்வுறையை எங்கே தேடுவது என்பதையே இன்று எடுத்துக்கொள்கிறேன். நம் குடும்பங்களில் அநேக ஸ்திரீகள் சோப்பும் நலங்கு மாவும் தலைத் தைலமும் வீட்டிலேயே செய்து விற்கத் தொடங்கியிருப்பதால், இது நம் சங்கத்தின் கவனத்திற்கு உரியதே என்று நம்புகிறேன்.

நம் பாட்டிமார் காலத்தில் இக்கேள்வியே பிறந்ததில்லை. அரப்பும் சீயக்காயும் நாட்டு மருந்துக் கடையில் காகிதப் பொட்டலமாக வந்தன. நல்லெண்ணெய்க்கு வீட்டிலிருந்தே தூக்குப் பாத்திரம் செக்கடிக்குப் போயிற்று. குங்குமம் மரச் சிமிழிலும், மூக்குப்பொடி காய்ந்த வாழை மட்டையிலும், மல்லிகை வாழையிலையிலும் இருந்தன. பழைமை என்பதற்காக அவற்றைப் புகழ்கிறேன் என்று எண்ணாதீர்கள். அக்காலத்துப் பொடியில் வண்டு விழுந்ததும் உண்டு. எண்ணெயில் கலப்படம் நேர்ந்ததும் உண்டு. ஆனால் ஒன்று கவனியுங்கள். தூக்கு வீட்டுக்குத் திரும்பியது. இலையும் மட்டையும் எருக்குழிக்குச் சென்று மறு வருஷம் வயலுக்குத் திரும்பின. வெறும் உறை ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது.

இனி நம் பக்கத்து ஊராகிய கடலூருக்கு வருவோம். ஷாம்பு என்பது புட்டியில் மாத்திரம் விற்று, வசதியுள்ளோர் மாத்திரம் வாங்கிய காலத்தில், அதனைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டச் செய்யலாம் என்று கண்டவர் கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் அவர்கள். அவருடைய குமாரர் சி. கே. ரங்கநாதன் அவர்கள் 1983-ஆம் ஆண்டில் பதினையாயிரம் ரூபாய் முதலோடு தனியே தொழில் தொடங்கி, தந்தையின் பெயரெழுத்துக்களைக் கொண்டே ‘சிக்’ என்று தம் ஷாம்புக்குப் பெயரிட்டார். அந்தச் சிறு பாக்கெட்டு தேசமெங்கும் பரவிற்று. நடவு நட்டுவிட்டு வரும் பெண்ணும் பண்ணையார் வீட்டுப் பெண்ணும் ஒரே ஷாம்பில் தலை முழுகும் நிலை வந்தது. இது சிறிய காரியமன்று. அதனைப் பழிப்பது நியாயமுமன்று.

அத்தொழிலின் ஆரம்ப காலத்தில் ஒரு திட்டம் நடந்தது. எந்தக் கம்பெனியின் ஷாம்பு ஆனாலும் சரி, ஐந்து வெறும் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு ‘சிக்’ பாக்கெட்டு இலவசம் என்றார்கள். வியாபாரம் பெருகுவதற்காகச் செய்த உபாயமே அது. எனினும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தெருவில் கிடந்த குப்பைக்கு ஒரு விலை வைத்தவுடன், ஜனங்கள் அதைத் தாமே பொறுக்கிக் கொணர்ந்தார்கள்! திட்டம் நின்றது, பாக்கெட்டு மறுபடியும் குப்பையாயிற்று.

அந்தப் பாக்கெட்டு எதனால் ஆனது? மெல்லிய பிளாஸ்டிக் தாள்களையும், பெரும்பாலும் அவற்றிடையே அலுமினியப் பூச்சையும் ஒட்டிச் செய்தது. ஈரமும் காற்றும் புகாமல் காக்கும் அதன் குணம், பிரிக்க முடியாத அந்த ஒட்டினால் வந்தது. பிரிக்க முடியாதாகையால் உருக்கி மறுபடி உபயோகிக்கவும் எளிதில் முடியாது. எடையோ அற்பம், ஆகையால் பழைய சாமான் வாங்குவோரும் அதைச் சீந்துவதில்லை.

காவிரிப் படித்துறைகளில் காலையில் நின்று பாருங்கள். குளித்துச் சென்றோர் கிழித்தெறிந்த பாக்கெட்டுகள் படிகளில் மின்னிக்கொண்டிருக்கும். மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு பெருகும்போது அவையெல்லாம் புறப்பட்டு, ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து மதகுக்கும் வந்து சேரும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையே என்று நாம் ஏங்குகிறோம். தண்ணீருக்கு முன்னே குப்பை வந்து மதகை அடைத்துக்கொள்கிறது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் வயல் மதகை அடைப்பெடுத்த ஆள், இரு கை நிறையச் சேற்றோடு பாக்கெட்டுகளை அள்ளிக் கரையில் போட்டார். அவற்றில் ஒன்றின் மேல் எங்கள் வீட்டுப் பெயரே அச்சாகியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. யான்தான் தலை குனிந்தேன்.

அன்றுமுதல் மாற்றுறை தேடினோம். அதில் நாங்கள் பட்ட நஷ்டத்தையும் ஒளியாமல் சொல்லுகிறேன்.

முதலாவது, ‘மக்கும் பை’ என்று ஒரு வியாபாரி விற்றதை அதிக விலை கொடுத்து வாங்கினோம். அதில் இரண்டைக் கொல்லையில் வாழைக்கட்டையின் அடியில் புதைத்து வைத்தேன். ஒரு வருஷம் கழித்துத் தோண்டினால், பை பொடிப் பொடியாக உதிர்ந்திருந்ததேயன்றி மண்ணாகவில்லை. கண்ணுக்குத் தெரிந்த குப்பை கண்ணுக்குத் தெரியாத குப்பையாயிற்று, அவ்வளவே. மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பதற்கு ஐ.எஸ். 17088 என்னும் தரமும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் வேண்டுமென்பதைப் பின்னரே அறிந்தேன். வாங்குமுன் அச்சான்றிதழைக் கேளுங்கள். அப்படிச் சான்று பெற்றதிலும் பெரும்பாலானது, மிகுந்த உஷ்ணமுள்ள பெரிய உரக்கிடங்கில் மக்குமேயன்றி நம் கொல்லைக் குழியில் எளிதில் மக்காது.

இரண்டாவது, வெறுங் காகித உறைக்கு மாறினோம். சித்திரையில் எல்லாம் நன்றாக நடந்தது. ஐப்பசி அடைமழையில் நலங்கு மாவு ஈரம் குடித்துக் கட்டிதட்டிப் போயிற்று. கடைக்காரர் அறுபது பொட்டலங்களைத் திருப்பி அனுப்பினார். கெட்டுப்போன பண்டமும் வீண்தானே? அதற்காக அரைத்த பயறும் மஞ்சளும் விளைந்த நிலமும் நீரும் வீண்தானே? பண்டத்தைக் காவாத உறை, எவ்வளவு புனிதமான பொருளால் ஆனாலும், நல்ல உறையாகாது.

மூன்றாவது, தைலத்தைக் கண்ணாடிப் புட்டியில் அனுப்பினோம். பார்ஸலில் உடைந்தவை போக மிஞ்சியவற்றின் லாபம் சுமைக்கூலிக்கே சரியாயிற்று.

இவ்வளவும் பட்ட பிறகே ஓர் உண்மை எங்களுக்கு விளங்கிற்று. ‘இவ்வுறை எதனால் ஆனது?’ என்று மாத்திரம் கேட்டுக்கொண்டிருந்தோம். ‘இது வெறுமையான பின் எங்கே போகும்? யார் கொண்டுபோவார்?’ என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். போகுமிடம் தெரிந்த உறையையே வாங்க வேண்டும்.

இந்த விதியைக் கொண்டு இப்போது நாங்கள் செய்வதைக் கூறுகிறேன். சோப்பை நன்றாக உலரவிட்டு, ஒரே காகிதச் சுற்றும் அட்டைப் பெட்டியும் இடுகிறோம். அவ்வட்டை பழைய காகிதக்காரரிடம் போகும். பொடியை முதல் தடவை மூடி இறுகிய தகர டப்பாவில் தருகிறோம். மறு தடவைக்குக் காகிதப் பொட்டலம் போதும், வீட்டு டப்பாவிலேயே கொட்டிக்கொள்ளலாம். புரட்டாசி முதல் மார்கழி வரையில் சிறிது சிறிதாக அரைத்து அவ்வப்போதே விற்றுவிடுகிறோம். தைலம் உள்ளூருக்குக் கண்ணாடிப் புட்டி, வெளியூருக்குத் தகரம். புட்டிக்குப் பத்து ரூபாய் முன்பணம் வாங்கி, திருப்பித் தந்தால் கொடுத்துவிடுகிறோம்.

இது நடக்குமா என்று ஐயுறுவோருக்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறேன். மதுவைப் பற்றியதாகையால் தாய்மார்கள் மன்னிக்க வேண்டும். நீலகிரியில் வெறும் மதுப் புட்டிகள் காட்டில் வீசப்பட்டு வன விலங்குகளின் காலைக் கிழித்து வந்தன. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் 2022-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அங்கே புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திரும்பத் தந்தவர்க்குக் கொடுத்தார்கள். பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்துவிட்டன. குடிப்பவர் கொணரும் புட்டியை, குளிப்பவர் கொணர மாட்டாரா?

இனி, உறைக்கு வேண்டிய பொருள் கிடைக்குமிடம். வெகு தூரம் போக வேண்டுவதில்லை. காவிரிக் கரையிலேயே, கரூரை அடுத்த காகிதபுரத்தில், கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்யும் அரசாங்க ஆலை 1984-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அதே நிறுவனம் 2016-இல் மணப்பாறையை அடுத்த மொண்டிப்பட்டியில் பெட்டி அட்டை செய்யும் ஆலையைத் தொடங்கிற்று. பெட்டி அச்சிட்டு வெட்டித் தரச் சிவகாசி இருக்கிறது. வாழை நாரின் உபயோகங்களைப் பற்றி, திருச்சியில் 1993-இல் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தாரிடம் கேட்டறியலாம். கல்யாண வரிசைக்கும் பரிசுக்கும் பனையோலைப் பெட்டியைவிட அழகியது எது? ஈரத்தையும் வழியதிர்ச்சியையும் உறை தாங்குமா என்று சோதித்துக்கொள்ள விரும்புவோர்க்கு, இந்தியப் பேக்கேஜிங் கழகத்தின் கிளை சென்னையில் உள்ளது.

சட்டத்தையும் மறவாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பல தடைசெய்யப்பட்டுள்ளன. மேலும், ஓலைப் பெட்டியானாலும் தகர டப்பாவானாலும், செய்தவர் பெயர், விலாசம், நிகர எடை, விலை, செய்த மாதம் ஆகியவை அதன் மேல் இருந்தே தீர வேண்டும். சோப்பு, தைலம் போன்ற அலங்காரப் பொருள்களுக்கு லைசென்ஸும் அதன் எண்ணும் வேண்டும். அவற்றைக் காகிதச் சீட்டில் அச்சிட்டு ஒட்டுங்கள். மினுமினுப்புக்காகச் சீட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டாம். ஒட்டினால் அந்தக் காகிதமும் பாக்கெட்டின் கதியையே அடையும்.

தனித்த ஒரு குடும்பத்திற்கு உள்ள இடையூறு, ஆயிரக்கணக்கில் வாங்கினாலன்றிப் பெட்டி அச்சிடுவோர் குறைந்த விலைக்குத் தர மாட்டார் என்பதே. இங்கேதான் சங்கத்தின் உதவி வேண்டும். மூன்று விண்ணப்பங்களைப் பணிவுடன் வைக்கிறேன். ஒன்று: நம் குடும்பத்தாருக்கு வேண்டிய பெட்டிகளை ஒரே அளவில் சங்கத்தின் மூலம் சேர்த்து வாங்கி, அவரவர் சீட்டை அவரவர் ஒட்டிக்கொள்ளட்டும். இரண்டு: வெறும் புட்டியும் டப்பாவும் திரும்பக் கொடுக்கச் சங்கக் கட்டடத்தில் ஒரு பெட்டகம் வைக்கட்டும். மூன்று: நம் வீட்டு விவாகங்களில் குளியலறைக்கென்று ஷாம்புப் பாக்கெட்டுகளை இறைப்பதை நிறுத்தி, சோப்பும் சீயக்காயும் கிண்ணத்தில் வைக்கட்டும்.

இவை பெரிய தியாகங்கள் அல்ல. ஆடிப் பதினெட்டில் காவிரியைத் தாயென்று வணங்கிக் காதோலை கருகமணி இடுகிறோம். வணங்கிய கையாலேயே வெறும் பாக்கெட்டையும் அவள் மடியில் எறியலாமா? நம் பெயர் அச்சிட்ட உறை நம் பிள்ளைகளின் வயல் மதகில் வந்து கிடக்கலாகாது. நம் வீட்டு வாசலுக்கே அது திரும்பி வரட்டும்.