பழுது சொல்லும் பாடம்



ஓர் இயந்திரம் தொழிற்சாலையை விட்டு வெளியேறும் நாளில், அதை வகுத்த பொறியாளரின் வேலை முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவருடைய கல்வி அன்றுதான் தொடங்குகிறது. ஓர் உறுப்பு எத்தனை நாள் உழைக்கும் என்று அவர் கணக்கிட்டுச் சொல்லலாம். அது எத்தனை நாள் உழைத்தது, எவ்விடத்தில் தேய்ந்தது, எதனால் ஒடிந்தது என்பவற்றை அறிந்தவரோ, அதைக் கழற்றி மாட்டும் தொழிலாளியே. இவ்விருவரையும் இணைப்பது எங்ஙனம்? பழுது பார்த்த குறிப்புகளைக் கொண்டே அடுத்த அமைப்பைத் திருத்துவது எப்படி? இக்கேள்விகளைப் பொருளாகக் கொண்டு இன்று பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வுகள் நடைபெறுகின்றன. அத்துறையைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

நான் வாழ்வது மரக்காணத்து உப்பளக் கரையில். ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் கழுவெளி ஏரி, நடுவே பாத்தி பாத்தியாக விரிந்த வெண்மை. இங்கே இரும்புக்கு ஆயுள் குறைவு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஏறத்தாழ 75-க்கு மேற்சென்றால், இரும்பின்மேல் படிந்த உப்புத்துகள் தானே நீரை ஈர்த்துக் கசியும். அந்த மெல்லிய உவர்நீர்ப் படலமே துருவுக்கு வித்து. ஆகவே, உள்நாட்டு ஊரொன்றில் நெடுங்காலம் உழைக்கும் திருகாணி, அதே வடிவில், அதே விலையில் இங்கு வந்தால் விரைவில் இற்றுப்போகும். பொருள் ஒன்றே, இடம் வேறு. எங்கே உழைத்தது என்பதைக் குறிக்காத பழுதுக் குறிப்பு, நோயாளியின் வயதைக் குறிக்காத மருத்துவச் சீட்டைப் போன்றது.

குறிப்பெடுத்ததால் விளைந்த நன்மைக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. ஊர்தோறும் நாம் காணும் ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பின் வரலாறே அது. அதற்கு முன்பு ஆழ்துளைக் கிணறுகளில் வைக்கப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகள் பெரும்பாலும் ஒரு வீட்டாரின் தேவைக்கு உரியவை. ஓர் ஊரே அதன்மேல் கை வைத்தபோது அவை தாங்கவில்லை. எனவே 1970-களில், யுனிசெப் நிறுவனத்தின் துணையுடன், ஷோலாப்பூர்ப் பம்பை அடிப்படையாகக் கொண்டு உறுதியான எஃகுப் பம்பு உருவாக்கப்பட்டது. சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலை அதனைச் செய்து தந்தது.

பம்பு வெற்றி பெற்றது. ஆயினும் ஆய்வு நிற்கவில்லை என்பதே இங்குச் சிறப்பு. 1983-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஒரு களச்சோதனை தொடங்கிற்று. எந்தப் பம்பு எப்போது நின்றது, எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்பன தொடர்ந்து பதியப்பட்டன. உருளையினுள் நீரை அடைத்து ஏற்றும் தோல் வளையமே அடிக்கடி தேய்ந்தது என்று ஏடுகள் காட்டின. அதனிடத்தில் நைட்ரைல் ரப்பர் வளையம் வைக்கப்பட்டது. அது நெடிது உழைத்தது. மற்றொன்றும் தெரியவந்தது. சிறு வளையம் ஒன்றை மாற்றுவதற்காக, நிலத்தடியில் உள்ள குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பலரும் கருவிகளும் வண்டியும் தேவை. வண்டி வரும்வரை ஊர்ப்பெண்கள் குடத்துடன் தொலைவு நடந்தனர். இதனை எண்ணியே, குழாயை அசைக்காமல் உள்ளுறுப்பை மட்டும் மேலே எடுக்கும்படி ‘மார்க் 3’ வகுக்கப்பட்டது. குழாய் பெரிதானதால் விலையும் எடையும் கூடின என்பதும் உண்மை. ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியிருப்பதைப் பொறியியலில் தவிர்க்க முடிவதில்லை.

ஆனால் குறிப்புகளைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. இரண்டாம் உலகப்போரில், போர் முடித்துத் திரும்பிய விமானங்களில் குண்டு துளைத்த இடங்களை எண்ணினர். துளை மிகுந்த இடங்களுக்கே கவசம் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆபிரகாம் வால்டு என்ற கணித அறிஞரோ, திரும்பாத விமானங்களையும் கணக்கில் கொள்ளும் முறையை வகுத்தார். துளை காணப்படாத இடத்தில் அடிபட்டவை திரும்பவே இல்லை அன்றோ! அப்பெருமகனார் 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் உயிர் துறந்தார் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி.

இதே கருத்தை ஒரு பள்ளிக் கணக்காகச் சொல்கிறேன். பத்து வளையங்கள் பொருத்தினோம். நான்கு, ஆறாம் மாதத்தில் கெட்டன. மற்ற ஆறும் ஓராண்டு முடிந்தும் நன்றாக உள்ளன. பட்டறைக்கு வந்த நான்கை மட்டும் பார்த்தால், ஆயுள் ஆறு மாதம் என்போம். பத்தும் உழைத்த மாதங்களைக் கூட்டினால் 24-உம் 72-உம் சேர்ந்து 96. பழுது நான்கு. எனவே ஒரு பழுதுக்கு 24 மாத உழைப்பு! கெட்டதை மட்டுமன்றிக் கெடாததையும் எழுதி வைத்தாலன்றி உண்மை புலப்படாது.

ஆகவே, குறிப்பேட்டில் ஐந்து செய்திகள் வேண்டும்: பொருத்திய நாள், கழற்றிய நாள், உழைத்த இடமும் நீரின் தன்மையும், கெட்ட விதம், இன்னும் உழைப்பவற்றின் எண்ணிக்கை. ஆறாவதாக ஒன்று ஏட்டில் எழுத இயலாதது: எழுதுபவருக்கு அச்சமின்மை. பழுதை எழுதினால் தண்டனை வரும் என்றால் எந்தத் தொழிலாளியும் உண்மையை எழுதமாட்டார். பொய்க் குறிப்பைவிட வெற்று ஏடே மேல்.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் துருவைப் பற்றி நெடிது ஆராய்ந்துள்ளது. அத்தகைய அறிவும் பட்டறைத் தொழிலாளியின் அறிவும் ஒரே மேசையில் அமர வேண்டும். பொறியியல் பயிலும் இளைஞர்களே, உங்கள் ஆய்வுக்குப் பொருள் தேடி வெகுதொலைவு செல்லற்க. உப்பளத்துப் பம்பின் அருகே தேய்ந்த உறுப்புகள் குவிந்து கிடக்கின்றன. அக்குவியல் பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன் அதனைப் படியுங்கள். நோயின் காரணத்தை ஆராய்க என்று வள்ளுவப் பெருந்தகை மருத்துவருக்குச் சொன்ன அறிவுரை, பொறியாளருக்கும் உரியதே.