தீர விசாரிப்போம்!
(திருவண்ணாமலையில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)



செய்தி குறித்து இஸ்லாம் இரண்டு ஒழுக்கங்களைக் கற்றுத் தருகிறது. விசாரிக்காமல் ஏற்கக் கூடாது என்பது ஒன்று. இதனை அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் காண்கிறோம். விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்பது மற்றொன்று. செவியில் விழுந்ததையெல்லாம் சொல்லித் திரிவது பொய்யுரைப்பதற்கு ஒப்பாகும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். பிறர் இவற்றை மீறும்போது நாம் வேதனைப்படுகிறோம். நாமே மீறும்போது அதனை உணர்கிறோமா?

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். தில்லி நிஜாமுத்தீனில் மார்ச் மாதம் நடைபெற்ற தப்லீக் ஜமாஅத் கூட்டத்திற்குச் சென்று வந்தோரில் பலருக்குத் தொற்று இருந்தது. அது உண்மை, அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சில தொலைக்காட்சிகள் அதற்குக் "கொரோனா ஜிஹாத்" எனப் பெயரிட்டு, ஒரு நோயை ஒரு சமுதாயத்தின் சதியாகச் சித்திரித்தன. அடுத்த சில வாரங்களில் கோயம்பேடு சந்தையிலிருந்து தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் தொற்று பரவியது. காய்கறி வணிகர்களின் மதம் என்னவென்று அப்போது எவரும் கேட்கவில்லை; கேட்காததே நியாயம். அந்த நியாயம் ஏன் முன்னவர்களுக்கு மறுக்கப்பட்டது?

நீதிமன்றங்கள் பின்னர் விடை தந்தன. மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்ட் 21 அன்று 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்து, ஊடகங்களின் பிரசாரத்தைக் கண்டித்தது. 70 இந்தியர்கள் மீதான வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 17 அன்று ரத்து செய்தது. பழி ஒரே இரவில் பரவியது. அது நீங்கவோ ஐந்தாண்டுகள் ஆயின!

அதே 2020இல் நம் பள்ளிவாசல்களில் ஜும்ஆ நின்றது. அவ்வாண்டு கார்த்திகை தீபம் நவம்பர் 29 அன்று பக்தர் கூட்டமின்றி ஏற்றப்பட்டது. கிரிவலப் பாதை வெறிச்சோடியது. நோய் எவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. செய்திதான் பிரித்தது.

சகோதரர்களே! இனி நம் பக்கம் திரும்புவோம். 2021இல் தடுப்பூசி வந்தபோது, அதில் பன்றிக் கொழுப்பு இருப்பதாக நம்மவர் சிலரும் வாட்ஸ்அப்பில் பரப்பினர். நடிகர் விவேக் தடுப்பூசி செலுத்திக்கொண்ட இரு நாள்களில், ஏப்ரல் 17 அன்று மறைந்ததும் வதந்தி ஊரெங்கும் பற்றிக்கொண்டது. அவரது மரணத்திற்குத் தடுப்பூசி காரணமன்று என ஆய்வுக் குழு பின்னர் அறிவித்தது. ஆனால் வதந்தியைக் கேட்ட எத்தனை பேரை அந்த அறிவிப்பு சென்றடைந்தது? அஞ்சித் தடுப்பூசியைத் தவிர்த்த முதியவருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், அச்செய்தியை அனுப்பிய விரலுக்கு அதில் பங்கில்லையா?

இப்போது வாக்காளர் பட்டியலுக்கு வருவோம். சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்குப் பின் 2025 டிசம்பர் 19 அன்று தமிழகத்தின் வரைவுப் பட்டியல் வெளியானது. 6.41 கோடிப் பெயர்களில் சுமார் 97 லட்சம் அதில் இடம்பெறவில்லை. ஏறத்தாழ 27 லட்சம் பேர் இறந்தவர்கள் எனவும், 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் எனவும் கூறப்பட்டது. தி.மு.க. இத்திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது, அ.தி.மு.க. ஆதரித்தது. நீக்கப்பட்டோர் அனைவரும் போலிகள் என்றனர் ஒரு சாரார். நம் பெயர்களை மட்டுமே குறிவைத்து நீக்கினர் என்றனர் வேறு சிலர். பட்டியலைப் பிரித்துப் பார்க்காமல் இவ்விரண்டையும் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

பீகாரில் சுமார் 65 லட்சம் பெயர்கள் வரைவில் விடுபட்டபோது, அப்பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காரணம் வெளிப்பட்டால்தான் விசாரணை சாத்தியமாகும்.

எனவே நாம் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு குடும்பமும் தன் வாக்குச்சாவடிப் பட்டியலைப் பார்க்கட்டும். பெயர் இல்லாதவர் படிவம் 6 அளிக்கட்டும்; முகவரி மாறியவர் படிவம் 8 அளிக்கட்டும். இவ்விண்ணப்பங்கள் ஆண்டு முழுவதும் ஏற்கப்படுகின்றன. பதிவு அலுவலரின் முடிவு அநீதியெனில் மாவட்ட ஆட்சியரிடமும், அதன்பின் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். செங்கத்திலோ வந்தவாசியிலோ பிறந்து, பிழைப்புக்காகச் சென்னை சென்ற இளைஞர்களின் பெயர்களை ஜமாஅத் நிர்வாகிகள் கேட்டறியட்டும். அண்டை வீட்டு இந்துச் சகோதரரின் பெயர் விடுபட்டிருந்தால் அதற்கும் துணை நிற்போம். வாக்கு ஒரு சாட்சியம். சாட்சியத்தில் இனமோ மதமோ பார்ப்பதற்கில்லை.

நம்மீது பொய்ச் செய்தி வந்தபோது நாம் எதிர்பார்த்த நேர்மையை, நம் கைப்பேசியில் நாமே கடைப்பிடிக்க வேண்டும். உண்மையை ஆராய்ந்து ஏற்போராகவும், நம் விரல்களால் எவருக்கும் தீங்கு விளைவிக்காதோராகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன்.