பதக்கத்துக்குப் பிறகு என்ன?

பதக்கம் வாங்கியதோடு ஒரு விளையாட்டாளரின் கடமை முடிந்துவிடுகிறதா? இந்தக் கேள்விக்கு அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை ஆண்ட்ரியா மீட் லாரன்ஸின் வாழ்க்கை நல்லதொரு பதில்.

1932இல் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர் ஆண்ட்ரியா. பெற்றோர் பனிச்சறுக்கு மையம் நடத்தினார்கள். ஆகவே, மலைச்சரிவுதான் அந்தப் பிள்ளைக்கு விளையாட்டுத் திடல். 15 வயதில், 1948 செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்றார். பதக்கம் கிடைக்கவில்லை.

1952இல் ஆஸ்லோ ஒலிம்பிக். வயது 19தான், அமெரிக்க மகளிர் அணிக்கு அவரே தலைவி. ஜெயண்ட் ஸ்லாலம் போட்டியில் தங்கம் வென்றார். பிறகு வந்தது ஸ்லாலம். நட்டு வைத்த கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஒரு வாயிலைத் தவறவிட்டாலும் போட்டியிலிருந்து நீக்கம்தான். இரண்டு சுற்றுகளின் நேரத்தைக் கூட்டி முடிவு சொல்வார்கள். ஆண்ட்ரியா முதல் சுற்றிலேயே தடுக்கி விழுந்தார்!

அழுதுகொண்டு ஒதுங்கினாரா? இல்லை. எழுந்தார், சரிவில் மேலே ஏறினார், விட்ட வாயிலைக் கடந்து ஓட்டத்தை முடித்தார். நான்காம் இடம். இரண்டாவது சுற்றில் எல்லாரையும் விட வேகமாக இறங்கித் தங்கத்தைத் தட்டிச் சென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற முதல் அமெரிக்க ஆல்பைன் பனிச்சறுக்கு வீரர் அவர்தான். 1956இல் மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் களமிறங்கி, ஜெயண்ட் ஸ்லாலமில் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

இதோடு கதை முடியவில்லை, நேயர்களே. 1968இல் கலிபோர்னியாவின் மம்மத் லேக்ஸ் நகரில் குடியேறினார். அங்கே மலையடிவாரத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பவிருந்தபோது, ஊர் மக்களோடு சேர்ந்து எதிர்த்து நின்றார். அரசின் அனுமதி தேவைப்படும் தனியார் திட்டங்களும் சுற்றுச்சூழல் ஆய்வுக்கு உட்பட்டவையே என்று 1972இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு மோனோ வட்டார நிர்வாக மன்றத்தில் 16 ஆண்டுகள் பணியாற்றினார். ஓடை நீரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் திருப்பியதால் வற்றிவந்த மோனோ ஏரிக்காகவும் குரல் கொடுத்தார்.

2009இல், 76 வயதில் காலமானார். 2013இல் ஒரு மலைச்சிகரத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

போட்டி முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம், 'ஜெயித்தாயா?' என்றுதான் கேட்கிறோம். 'விழுந்தபோது எழுந்தாயா?' என்றும் கேட்போம். விளையாட வளர்ந்த மண்ணுக்கு என்ன திருப்பித் தரப்போகிறாய் என்பதை அப்புறம் அவர்களே யோசிப்பார்கள்.